வாழ்ந்தும் வழங்கிய வள்ளல் சீதக்காதி

இரண்டாம் ஆண்டு பி.எஸ்ஸி. (கணிதம்)

அதியமான் ஆண்ட தகடூரில் பிறந்த நமக்குக் கொடை என்றால் என்ன என்று எவரும் புதிதாகக் கற்பிக்க வேண்டியதில்லை. நெடுநாள் வாழவைக்கும் நெல்லிக்கனியைத் தான் உண்ணாமல் ஔவைக்கு ஈந்த மன்னனின் மண்ணில்தான் நம் கல்லூரி நிற்கிறது. பாரி, பேகன், ஓரி, காரி, ஆய், நள்ளி, அதியமான் என்று எழுவரையும் ஒரே மூச்சில் ஒப்பிக்கப் பள்ளிக்கூடத்திலேயே பழகிவிட்டோம். அவர்களுக்குக் கடையெழு வள்ளல்கள் என்று பெயர். கடை என்றால் இறுதி. அப்படியானால் அவர்களோடு வள்ளன்மை முடிந்துபோயிற்றா? இல்லை. அந்த எழுவருக்கும் பல நூற்றாண்டுகள் கழித்து, தென்கடல் ஓரத்தில் எட்டாமவராக ஒருவர் தோன்றினார். அவர் மன்னர் அல்லர், குறுநிலத் தலைவரும் அல்லர், கப்பலோட்டிய வணிகர். வேந்தனின் கொடை குடிகள் தந்த இறையிலிருந்து வருவது. வணிகரின் கொடையோ அவர் ஒவ்வொரு காசாக எண்ணிச் சேர்த்த கணக்கிலிருந்து வருவது. கணக்குப் படிக்கும் மாணவி என்பதாலோ என்னவோ, எனக்கு இரண்டாவதுதான் அரிதாகத் தோன்றுகிறது.

செத்த பின்னும் கொடுத்தவர் என்று அவரைப் பற்றி ஒரு பழமொழி உண்டு. நம் கிராமங்களில் எழுத்தறியாத பாட்டிமாரும் அதைச் சொல்லுவர். ஆனால் அந்தச் சீதக்காதி யார், எந்த ஊர், எந்தச் சமயம் என்று கேட்டால் பலருக்கும் தெரியாது. என் தோழிகள் இருவர் அவரை ஏதோ ஒரு பழைய ராஜா என்று நினைத்திருந்தனர். 2018இல் அவர் பெயரைத் தாங்கி ஒரு திரைப்படம் வந்தது. அதைப் பார்த்தவர்களும் அது ஒரு நாடக நடிகரின் கதை என்றே அறிவர். பெயர் மட்டும் நாவில் நின்று, மனிதர் மறைந்துபோனார். அந்த மனிதரைத் தேடிப் பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

அவருடைய இயற்பெயர் செய்கு அப்துல் காதிர். தமிழ் நாவில் உருண்டு உருண்டு அதுவே சீதக்காதி ஆயிற்று. இராமநாதபுரத்திற்குத் தெற்கே கடலை ஒட்டிய கீழக்கரை அவரது ஊர். காலம், பதினேழாம் நூற்றாண்டு. கடல் வாணிபத்தில் தலைமுறை தலைமுறையாகத் தோய்ந்த மரைக்காயர் குலம். மரக்கலம் என்ற சொல்லிலிருந்தே மரைக்காயர் என்ற பெயர் வந்தது என்பாரும் உளர். மன்னார் வளைகுடாவின் முத்தும் சங்கும், உள்நாட்டுத் தறிகளில் நெய்த துணியும், மிளகும், அரிசியும், இலங்கைப் பாக்கும் அந்தக் கடற்கரைத் துறைகளில் ஏறி இறங்கிய காலம் அது. வங்காளத்துப் பெண்களின் வளையலுக்கான சங்குகூட இந்தக் கடலிலிருந்துதான் போயிற்று.

அன்றைய சேதுநாட்டை ஆண்டவர் கிழவன் சேதுபதி. 1670களில் அரியணை ஏறி 1710 வரை அரசோச்சிய அந்த இரகுநாத சேதுபதிதான் தலைநகரைப் போகலூரிலிருந்து இராமநாதபுரத்திற்கு மாற்றியவர். இராமேசுவரம் சேதுவின் காவலர் என்பதே அவர் குலத்தின் பெருமை. அத்தகைய இந்து மன்னருக்கு உற்ற நண்பராகவும் அமைச்சரைப் போன்ற ஆலோசகராகவும் விளங்கியவர் கீழக்கரை முஸ்லிம் வணிகரான சீதக்காதி. தமது பெயரையே பட்டமாகச் சூட்டி, விஜய ரகுநாதப் பெரியதம்பி மரைக்காயர் என்று அவரைச் சேதுபதி அழைத்தார். தூத்துக்குடியையும் நாகப்பட்டினத்தையும் 1658இல் போர்த்துக்கீசியரிடமிருந்து பறித்துக்கொண்ட டச்சுக் கும்பெனியார், முத்துக்கும் சங்குக்கும் தாங்களே ஏகபோக உரிமையாளர் என்று மார்தட்டிய நாள்கள் அவை. அவர்களுடைய ஆவணங்களிலும் பெரியதம்பி மரைக்காயர் என்ற பெயர் அடிக்கடி தலைகாட்டுகிறது. அந்நியக் கும்பெனிக்குத் தலைவணங்காமல் தொழில் செய்த குடும்பம் என்பதற்கு அதுவே சான்று. இன்றைக்கும் இராமநாதபுரத்தில் உள்ள விளையாட்டரங்கிற்குச் சீதக்காதி சேதுபதி என்றே பெயர். வணிகர் பெயரும் மன்னர் பெயரும் ஒன்றாய்ச் சேர்ந்து நிற்கின்றன.

இனி அவரது கொடைக்கு வருவோம்.

அக்காலத்தில் ஒரு கொடிய பஞ்சம் வந்தது. அந்தப் பஞ்சத்தைப் பாடிய படிக்காசுப் புலவர் ஒரு தராசைக் காட்டுகிறார். ஒரு தட்டில் பொன்; மறு தட்டில் நெல்; இரண்டும் ஒரே எடையாக விற்ற காலம் என்கிறார். புலவர்கள் மிகைப்படுத்துவது உண்டுதான். ஆனால் நம் பக்கத்து மக்களுக்கு அது மிகையாகப் படாது. தாது வருடப் பஞ்சம் என்று இன்றும் பெரியவர்கள் சொல்கிறார்களே, 1876 முதல் 1878 வரை நீண்ட அந்தப் பெரும்பஞ்சத்தில் சேலம் மாவட்டம் பட்ட பாடு சொல்லில் அடங்காது. அன்று நம் தருமபுரியும் சேலத்தோடு சேர்ந்தே இருந்தது. தனி மாவட்டமாகப் பிரிந்தது 1965இல்தான். கிழங்கையும் கீரையையும் தோண்டித் தின்று பிழைத்த கதைகளை என் பாட்டி தன் பாட்டியிடம் கேட்டதாகச் சொல்வார். வானம் பார்த்த பூமியில் வாழ்பவர்களுக்குத்தான் அந்தத் தராசின் பொருள் முழுதும் விளங்கும்.

இங்கே ஒரு சிறு கணக்கைப் போட்டுப் பார்க்க வேண்டும். நெல் மலிவாய் இருக்கும்போது ஒரு மூட்டையைத் தானம் செய்தால் ஒரு மூட்டையின் விலைதான் போகும். நெல்லும் பொன்னும் சமமாக விற்கும் நாளில் ஒரு மூட்டை நெல்லைத் தானம் செய்கிறவர் ஒரு மூட்டைப் பொன்னை அல்லவா தானம் செய்கிறார்! சீதக்காதி அரிசி வாணிபமும் அறிந்தவர். கிடங்கைப் பூட்டிவைத்து, விலை இன்னும் ஏறட்டும் என்று காத்திருந்தால் சேதுநாட்டையே விலைக்கு வாங்கியிருக்கலாம். தடுப்பாரும் இல்லை. அந்த நேரத்தில் அவர் தம் சோற்றுப் பானையைத் திறந்துவைத்தார், வந்தவர்க்கெல்லாம் உணவளித்தார் என்பதைத்தான் புலவர் பாடுகிறார். பாடியவர் முஸ்லிம் அல்லர். தொண்டைமண்டல சதகம் பாடிய சைவப் புலவர். பசித்து வந்தவர்களின் சாதியோ சமயமோ அந்த வாசலில் கேட்கப்படவில்லை என்பதற்கு அவருடைய பாட்டைவிட வேறு சாட்சி வேண்டுமோ?

சீதக்காதியின் இந்தச் செய்கையை அவருடைய இளகிய மனத்துக்கு மட்டும் உரியதாக்கிவிட்டால் பாதி உண்மைதான் கூறியவர்களாவோம். அவர் வளர்ந்த மார்க்கம் அவருக்குக் கற்பித்தது என்ன என்பதையும் பார்க்க வேண்டும். விலை ஏறட்டும் என்று தானியத்தைப் பதுக்கிவைப்பதை இஸ்லாம் பாவமாகக் கருதுகிறது. தொழுகை, நோன்பு, ஹஜ்ஜுப் பயணம் ஆகியவற்றோடு ஜகாத் என்னும் ஏழைவரியையும் ஐந்து கடமைகளுள் ஒன்றாக வைத்திருக்கிறது. கடமை என்ற சொல்லைக் கவனிக்க வேண்டும். மனம் வந்தால் கொடுக்கலாம், வராவிட்டால் விட்டுவிடலாம் என்பது அதில் இல்லை. ஏறத்தாழ 11 பவுன் பொன்னின் மதிப்புக்குக் குறையாத செல்வம் ஒருவரிடம் ஓராண்டு முழுதும் தங்கியிருந்தால், அதில் நாற்பதில் ஒரு பங்கைக் கொடுத்தே தீர வேண்டும். ஒரு இலட்சத்துக்கு 2,500 ரூபாய். மனம் உவந்து அதற்கு மேலும் கொடுப்பது சதகா எனப்படும். அதற்கு அளவு இல்லை.

விளைச்சலுக்கான கணக்கு இன்னும் நுட்பமானது. அதைப் படித்தபோது நான் உண்மையிலேயே வியந்துபோனேன். மழையை நம்பி விளைந்த பயிரென்றால் பத்தில் ஒரு பங்கு ஏழைக்கு. நீர் இறைத்துப் பாய்ச்சி விளைந்ததென்றால் இருபதில் ஒரு பங்குதான். ஏன் இந்த வேறுபாடு? கவலை ஓட்டியும் ஏற்றம் இறைத்தும் உழைத்தவனின் வியர்வைக்குப் பாதி கழிவு! மானாவாரியில் ராகியும் கொள்ளும் விதைக்கிற நம் பென்னாகரத்து விவசாயிக்கும், கிணறு தோண்டிக் கடனில் மூழ்குகிற பாலக்கோட்டு விவசாயிக்கும் இந்தக் கணக்கைச் சொன்னால் உடனே புரிந்துகொள்வார்கள். பாலைவனத்தில் பிறந்த சட்டம் நம் வரப்பில் வந்து உட்கார்ந்துகொள்கிறது.

யாருக்குக் கொடுப்பது என்பதையும் திருக்குர்ஆன் வரையறுத்துவிட்டது. வறியவர், ஏதிலியர் தொடங்கி எட்டு வகையினர். அவர்களுள் வழிப்போக்கரும் உண்டு, அடிமைத்தளையில் கிடப்போரும் உண்டு, கடனாளியும் உண்டு. கடனாளியைப் பார்த்து ஏன் கடன் வாங்கினாய் என்று ஏசுகிற உலகில், அவனும் செல்வரின் பணத்தில் பங்குடையவன் என்று ஒரு சட்டம் சொல்லியிருக்கிறது. ஆம், பங்குதான்! செல்வருடைய பொருளில் கேட்பவருக்கும், கேட்கக் கூச்சப்பட்டு ஒதுங்கி நிற்பவருக்கும் உரிமை உண்டு என்பதே திருமறையின் கருத்து. கொடுத்துவிட்டுச் சொல்லிக்காட்டினால் கொடுத்ததே பாழ் என்றும், மறைவாகக் கொடுப்பது மேலும் சிறந்தது என்றும் அது அறிவுறுத்துகிறது. வலக்கை கொடுப்பதை இடக்கை அறியாதபடி கொடுப்பவரை நபிகள் நாயகம் மிக உயர்ந்த இடத்தில் வைத்தார்.

இதை நான் அழுத்திச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. எங்கள் வீட்டில் கல்லூரிப் படியை மிதித்த முதல் ஆள் நான். பிறர் கொடுத்த புத்தகத்திலும் அரசு தந்த உதவித்தொகையிலும் படித்து வந்தவள். எட்டாம் வகுப்பில் ஒரு விழாவில் எனக்கு நோட்டுப் புத்தகங்கள் கொடுத்தார்கள். புகைப்படக்காரரின் கருவி சரியாகும்வரை, ஒரு முனையைப் பெரியவர் பிடிக்க மறுமுனையை நான் பிடித்தபடி மேடையில் நின்றேன். படம் சரியாக வரவில்லை என்று மறுபடியும் வாங்கச் சொன்னார்கள். கீழே என் வகுப்பே உட்கார்ந்திருந்தது. அந்த நோட்டுகளில்தான் அந்த ஆண்டு முழுதும் கணக்குப் போட்டேன், நன்றி மறக்கவில்லை. ஆனாலும் அந்த இரண்டாவது முறை வாங்கியது இன்றும் உறுத்துகிறது. வாங்கிப் பழகியவர்களுக்குத்தான் தெரியும், கொடுக்கும் பொருளைப்போலவே கொடுக்கும் முறையும் எவ்வளவு கனமானதென்று.

சீதக்காதி கொடுத்த முறை எப்படிப்பட்டது? அவரைப் பற்றி எழுந்த சீதக்காதி நொண்டி நாடகம் அதைக் காட்டுகிறது. அதில் வருகிற நாயகன் நல்லவன் அல்லன். திருட்டில் அகப்பட்டுக் கால் இழந்தவன். ஊர் காறித் துப்பும் அப்படிப்பட்டவனும் சீதக்காதியின் ஆதரவைப் பெற்று, மக்கா சென்று, நலம் பெற்றுத் திரும்புவதாகக் கதை போகிறது. நாடகம் கற்பனைதான். என்றாலும் ஒரு வள்ளலைப் புகழ வந்தவர், அரசரும் புலவரும் அவர் வாசலில் நின்றதைப் பாடாமல், ஒரு நொண்டித் திருடன் நின்றதைப் பாடியது ஏன்? தகுதி பார்த்துக் கொடுக்கிற வீடு அதுவல்ல என்று அக்கால மக்கள் அறிந்திருந்ததால்தான்.

பழமொழிக்குக் காரணமான கதையையும் சொல்லிவிட வேண்டும். படிக்காசுப் புலவர் வறுமையுற்று, வள்ளலை நாடி நெடுந்தொலைவு நடந்து கீழக்கரைக்கு வந்தார். வந்து பார்த்தால் வள்ளல் மறைந்து அடக்கமும் ஆகிவிட்டார். ஆறாத் துயரத்தோடு அடக்கத்தலத்தில் நின்று புலவர் பாடி அழுதார். அப்போது கல்லறை பிளந்து, மோதிரம் அணிந்த கை ஒன்று வெளியே நீண்டது. புலவர் அந்த மோதிரத்தைப் பெற்றுக்கொண்டார். இதுவே கதை.

அறிவியல் மாணவர்கள் புன்னகை செய்வது எனக்குத் தெரிகிறது. கல்லறை பிளக்குமா? கை நீளுமா? பிளக்காது, நீளாது. ஆனால் இந்தக் கதையை மக்கள் எவரைப் பற்றிச் சொன்னார்கள் என்பதே ஆராயத்தக்கது. ஆயிரம் செல்வர்கள் அக்கடற்கரையில் வாழ்ந்து மறைந்தனர். எவருடைய கையும் மண்ணுக்குள்ளிருந்து நீண்டதாக ஒருவரும் கதை கட்டவில்லை. உயிரோடிருந்தபோது ஒருநாளும் மடங்காத கையைப் பற்றித்தான் அப்படி ஒரு கதை பிறக்க முடியும். நம்மில் பலர் பழமொழியின் முதற்பாதியை மட்டும் பிடித்துக்கொண்டு, செத்த பின் கொடுத்த அதிசயத்தையே பேசுகிறோம். வாழ்ந்தபோது கொடுத்ததுதான் பெரிது.

இறந்த பின்னும் கொடுப்பது என்பதற்கு இஸ்லாத்தில் வேறொரு பொருள் உண்டு. மனிதன் இறந்ததும் அவனுடைய செயல்கள் யாவும் நின்றுவிடும். மூன்று மட்டும் நிற்பதில்லை என்று நபிகள் நாயகம் கூறியிருக்கிறார். நிலைத்து நின்று பயன் தருகிற தருமம், பிறருக்குப் பயன்படும் கல்வி, பெற்றோருக்காக இறைவனிடம் வேண்டும் நல்ல பிள்ளை ஆகியவையே அந்த மூன்று. கிணறு வெட்டியவர் போய்விடுவார். தண்ணீர் ஊறிக்கொண்டே இருக்கும். நிலையான தருமத்தைச் சதகா ஜாரியா என்பர், ஓடிக்கொண்டிருக்கும் தருமம் என்று பொருள். கீழக்கரையில் திராவிடக் கட்டடக் கலை மரபில் கல்தூண்களோடு எழுந்து நிற்கும் பழைய ஜும்ஆப் பள்ளிவாசல் சீதக்காதியின் பெயரோடு இணைத்தே பேசப்படுகிறது. அவருடைய அடக்கத்தலமும் அங்கேதான். நம் காலத்தில் அதே ஊரில் 1927இல் பிறந்த பி.எஸ்.அப்துர் ரகுமான், தாம் தொடங்கிய அறக்கட்டளைக்குச் சீதக்காதியின் பெயரையே வைத்தார். 1984இல் வண்டலூரில் அவர் நிறுவிய பொறியியற் கல்லூரி இன்று பல்கலைக்கழகமாக வளர்ந்திருக்கிறது.

ஆனால் சீதக்காதி விட்டுச் சென்ற ஓடும் தருமங்களுள் தலையாயது கல்லால் கட்டியதன்று, சொல்லால் கட்டியது. அதுதான் சீறாப்புராணம்.

நபிகள் நாயகத்தின் வாழ்க்கையைக் கம்பனுடைய காவியத்தைப்போல் தமிழில் விரித்துரைக்கும் நூல் ஒன்று இல்லையே என்ற குறை சீதக்காதிக்கு இருந்தது. அரபு அறியாத எளிய தமிழ் முஸ்லிம், தன் நபியின் கதையைத் தன் தாய்மொழியில் கேட்க வழியில்லை. எட்டயபுரம் அரசவைப் புலவர் கடிகைமுத்துப் புலவரிடம் தமிழ் பயின்ற உமறு என்ற இளைஞரைச் சீதக்காதி அழைத்து அந்தப் பெரும்பணியை ஒப்படைத்தார். புலவருக்குத் தமிழ் தெரியும்; அரபு நூல்களில் உள்ள செய்தி தெரியாது. ஆகவே கீழக்கரையில் வாழ்ந்த மாபெரும் மார்க்க அறிஞர் சதக்கத்துல்லா அப்பாவிடம் அவரை அனுப்பினார். உமறு அக்காலத் தமிழ்ப் புலவர்க்குரிய கோலத்தில் போய் நின்றதைக் கண்டு அப்பா முதலில் உரை தர மறுத்தார் என்றும், பின்னர் மனம் கனிந்து வழிகாட்டினார் என்றும் வழிவழியாகச் சொல்வார்கள். உரை கிடைத்தது. பாட்டும் பிறந்தது. அரபு நாட்டைப் பாடவந்த புலவர், தமிழ்நாட்டு மழையையும் ஆற்றையும் வயலையும் அங்கே கொண்டுபோய் வைத்தார். தமிழன் தன் ஊரையே அதில் கண்டான்.

நூல் எழுதுகிறவருக்குச் சோறு வேண்டும், ஓலை வேண்டும், ஆண்டுக்கணக்கில் வேறு கவலையற்ற பொழுது வேண்டும். இவற்றையெல்லாம் கொடுப்பதும் ஏழைக்கு உதவுவதே என்பதை நம்மைப்போன்றோர் ஒப்புக்கொள்ளத் தயங்க மாட்டோம். உதவித்தொகை வரத் தாமதமானால் எந்தப் பாடமும் மண்டையில் ஏறாது என்பது விடுதி மாணவர் அனைவரும் அறிந்த உண்மை!

நூல் முடியும் முன்பே சீதக்காதி மறைந்தார். ஆதரவு இழந்த உமறுவின் பணி நடுவழியில் நின்றது. அப்போது பரங்கிப்பேட்டையைச் சேர்ந்த அபுல்காசிம் மரைக்காயர் என்ற மற்றொரு வள்ளல் முன்வந்து புலவரைத் தாங்கினார். விலாதத்து, நுபுவ்வத்து, ஹிஜ்ரத்து என்ற மூன்று காண்டங்களாக 5,027 பாடல்கள் நிறைந்தன. நபிகளின் இறுதிக்காலம்வரை பாடுவதற்குள் உமறுவும் மறைந்தார். காயல்பட்டினத்துப் பனீ அகமது மரைக்காயர் சின்னச் சீறாவைப் பாடி எஞ்சிய வரலாற்றை நிறைவு செய்தார். ஓலைச்சுவடியிலிருந்து சீறாப்புராணம் அச்சேறியது 1842இல்.

உமறுப் புலவர் தம்மைக் காத்த அபுல்காசிமை மறக்கவில்லை. சீறாவின் இடையிடையே 22 இடங்களில் அவரைப் புகழ்ந்து பாடியிருக்கிறார். சீதக்காதியின் திருமணத்துக்கு வாழ்த்துப் பாடியவரும் இதே உமறுதான். ஆனால் அந்தக் காப்பியத்தை நினைத்து, புலவரைத் தேடி, அறிஞரிடம் அனுப்பி, முதல் ஓலைக்கு முதற்பொருள் கொடுத்த சீதக்காதியைப் புகழும் பாட்டு, சீறாப்புராணத்தின் அந்த 5,027 பாடல்களில் ஒன்றுகூட இல்லை.